எட்டாம் விலக்கின் பெருமை

மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளைம் பிரிவில் இருக்கும் பெரியோர்களே, உங்களைத் திட்டி எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பாராட்டி எழுதுகிறேன். என் அக்கா மகளின் தாடை அறுவை சிகிச்சைக் கோப்பை நீங்கள் கையாண்ட விதத்தில், வேறெந்த அலுவலகத்திலும் பார்த்திராத சில திறமைகளைப் பார்த்தேன். அவற்றைச் சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

உங்கள் சொற்சிக்கனத்திலிருந்து தொடங்குகிறேன். மதுரையிலிருந்து மருத்துவமனை உங்களுக்கு அனுப்பிய கோப்பு தடிமனானது. பக்கவாட்டில் எடுத்த செஃபலோகிராம் எக்ஸ்ரே, அதில் கோடு போட்டு அளந்த கோணங்கள், முப்பரிமாண ஸ்கேன், பல் அச்சுகளின் படங்கள், பல்லுக்குக் கம்பி போட்ட மருத்துவரின் கடிதம், முகத் தாடை அறுவை நிபுணரின் சான்று எல்லாம் அதில் இருந்தன. அத்தனைக்கும் உங்கள் பதில் ஒரே வரி. இது தோற்றத்தை மாற்றும் சிகிச்சை, எக்ஸ்க்ளூஷன் 08, அதாவது பாலிசியின் எட்டாம் விலக்கின்படி அனுமதி இல்லை. ஓர் எலும்பின் அளவைக்கூட மறுக்காமல், எந்த மருத்துவரின் எந்தச் சொல்லையும் தவறென்று சொல்லாமல், முழுக் கோப்பையும் ஒதுக்கிவிட முடியும் என்பதை உங்களிடம்தான் தெரிந்துகொண்டேன்.

அக்கா மகளை நீங்கள் பார்த்ததில்லை. பார்க்காமலே அவள் மனத்தில் இருப்பது அழகு ஆசைதான் என்று கண்டு சொன்னீர்கள். அவள் பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிற தாய்மாமன் எனக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் தோசை சாப்பிடும் முறை. வாயை மூடினால் அவளுக்கு இருபுறமும் கடைசிக் கடைவாய்ப் பற்கள் மட்டும்தான் ஒன்றையொன்று தொடும். முன்பற்களுக்கு நடுவே நாக்கு நுனி தெரிகிற அளவு இடைவெளி. தோசையைக் கடித்துப் பிய்க்க முடியாது. விரலால் கிள்ளி, வாயின் பின்பக்கத்துக்குத் தள்ளி, அங்கே வைத்து அரைக்க வேண்டும். மாங்காய்க் கீற்றோ கொய்யாவோ கத்தியால் நறுக்கித்தான். உலகத்தில் எல்லோரும் இப்படித்தான் சாப்பிடுகிறார்கள் என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறாள். பள்ளியில் பக்கத்துப் பெண் ஆப்பிளை அப்படியே கடித்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, "மாமா, அவ முன்னாடியே கடிக்கிறா" என்று சொன்னாள். முப்பத்திரண்டு பல்லும் செய்ய வேண்டிய வேலையை நான்கைந்து பற்கள் செய்தால் அவை தேயும். தேய்ந்துகொண்டிருந்தன. அதுவும் நீங்கள் பெற்ற படங்களில் தெளிவாகவே இருந்தது.

கீழ்த்தாடை மேல்தாடையைவிட முன்னால் வளர்ந்த இந்த அமைப்புக்கு மூன்றாம் வகைக் கடி என்று பெயர். அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஏங்கிள் 1899-ல் செய்த வகைப்பாடு அது. இத்தனை பழைய பெயரைத் தாண்டி "அழகு" என்ற புதுப் பெயரை வைத்த பெருமை உங்களுக்கே.

"இருபத்தாறு வயது வரை ஏன் சிகிச்சை எடுக்கவில்லை?" என்றொரு கேள்வியையும் மருத்துவமனைக்கு அனுப்பினீர்கள். உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். முக எலும்புகளில் வளர்ந்து முடிப்பதில் கடைசியாக இருப்பது கீழ்த்தாடை. அது நிற்பதற்கு முன் வெட்டித் திருத்தினால், திருத்திய பிறகும் வளர்ந்து பழைய இடத்துக்கே போய்விடலாம். அதனால் மாதக்கணக்கில் இடைவெளி விட்டு எக்ஸ்ரே எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்து, வளர்ச்சி நின்றுவிட்டது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் தேதி பேசுவார்கள். வயது வந்த பிறகு செய்வதே இந்தச் சிகிச்சையின் முறை. முறைப்படி காத்திருந்ததையே ஒரு சந்தேகமாக மாற்றிக் காட்ட உங்களால் முடிந்தது.

உங்களை நான் மிகவும் மெச்சுவது வேறொரு காரணத்துக்காக. நீங்கள் "தோற்றத்தை மாற்றும் சிகிச்சை" என்று எழுதியபோது, அந்தத் தோற்றம் எப்படியிருந்தது என்று உங்களுக்குத் தெரிந்தே இருக்க வேண்டும். படங்கள் உங்களிடம் இருந்தன. தாடை தவறான இடத்தில் இருந்தால் பற்கள் தாமாகவே சமாளித்துக்கொள்ளும். கீழ் முன்பற்கள் உள்பக்கமாகச் சாயும், மேல் முன்பற்கள் வெளிப்பக்கமாகச் சாயும். ஒன்றையொன்று எப்படியாவது தொட்டுவிட முயலும். அறுவைக்கு முன் கம்பி போடுவது இந்தச் சமாளிப்பைக் கலைப்பதற்காக. ஒவ்வொரு பல்லையும் அதனதன் எலும்பின் நடுவே நிமிர்த்தி நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தினால்தான் எலும்பை நகர்த்தும்போது மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகப் பொருந்தும். நிமிர்த்த நிமிர்த்த, அதுவரை பாதி மறைந்திருந்த குறை முழுதாக வெளியே வரும். கடி முன்பைவிடக் கெடும். கீழ்ப்பல் வரிசை இன்னும் முன்னால் தெரியும். மோவாய் இன்னும் நீண்டதுபோல இருக்கும். இது வழக்கமாக 12 முதல் 18 மாதம் வரை நடக்கும்.

அந்த மாதங்கள் முழுக்க அவள் வேலைக்குப் போனாள். பஸ்ஸில் போனாள். கல்யாண வீடுகளுக்கு வந்தாள். "கம்பி போட்டும் பல்லு இன்னும் முன்னாடி வருதே, டாக்டரை மாத்துங்க" என்று பந்தியில் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவர் சத்தமாகவே சொன்னார். அவள் இலையில் அப்பளத்தை நொறுக்கி ரசத்தில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்லவில்லை. அழகு வேண்டுமென்று வந்த ஒரு பெண், மாதக்கணக்கில் தன் முகத்தைத் தெரிந்தே முன்னிலும் மோசமாக்கிக்கொண்டு ஊர் நடுவே நடமாடுவாள் என்று நம்புவதற்கு மனித மனத்தைப் பற்றிய மிக ஆழமான ஞானம் வேண்டும். உங்களுக்கு அது வாய்த்திருக்கிறது.

அவளுடைய தயாரிப்பில் இன்னும் சிலவற்றையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். கீழ்த்தாடையைப் பிளக்கும் கோடு ஞானப்பல் இருக்கும் இடத்தின் வழியாகப் போகிறது. அந்தப் பற்களை அறுவைக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே எடுத்து, குழியில் எலும்பு நிரம்பக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள், காத்திருந்தாள். கம்பியின் கொக்கி கன்னத்தில் குத்திப் புண்ணாகும். அதில் மெழுகு உருட்டி ஒட்டிக்கொண்டு அலுவலகத்தில் ஃபோனில் பேசுவாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சின்ன பிரஷ்ஷை வைத்துக்கொண்டு கை கழுவும் இடத்தில் நிற்பாள். கம்பியைச் சுற்றி அழுக்கு தங்கி ஈறு வீங்கினால் அறுவைத் தேதி தள்ளிப்போகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பொங்கலுக்குக் கரும்பு இல்லை. தீபாவளிக்கு முறுக்கு இல்லை. ஹீமோகுளோபின் குறைவு என்று தெரிந்ததும் மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை. அறுவைக்குப் பிறகு எடை குறையும் என்பதால் அக்கா அவளுக்குக் கேழ்வரகும் முட்டையும் நெய்யுமாகக் கொடுத்துத் தேற்றினாள்.

ஒப்புதல் படிவத்தைப் படித்த நாளில் நானும் அவளுடன் இருந்தேன். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அது. எலும்பைப் பிளக்கும்போது அது இழுபடும். பெரும்பாலோருக்கு மரத்துப்போன உணர்வு மாதங்களில் குறையும், சிலருக்கு ஓரளவு கடைசி வரை நிற்கும். மருத்துவர் இதை இரண்டு முறை சொன்னார். "உதட்டில் சோறு ஒட்டியிருந்தால்கூடத் தெரியாமல் போகலாம்" என்றார். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கடிக்க முடியுமா டாக்டர்?" என்று கேட்டாள். முடியும் என்றார். கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாளின் நகலும் உங்கள் கோப்பில் இருந்தது. அதையும் அழகுக் கணக்கில் சேர்த்துக்கொண்ட உங்கள் மன உறுதியை வேறு யாரிடமும் எதிர்பார்க்க முடியாது.

காலம் பார்த்துச் செயல்படுவதிலும் நீங்கள் தேர்ந்தவர்கள். கம்பி போடுவதற்கு முன்பே உங்கள் உதவி எண்ணுக்கு ஃபோன் செய்து, அறுவைக்குப் பணம் வருமா என்று கேட்டோம். மருத்துவமனையில் சேரும் தேதி முடிவான பிறகு அனுப்புங்கள், அப்போதுதான் பார்க்க முடியும் என்று மிகப் பணிவாகச் சொன்னார்கள். நம்பித் தொடங்கினோம். கம்பிக்கான செலவை நாங்கள் உங்களிடம் கேட்கவில்லை. அது அவள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் போனது. பற்கள் எல்லாம் நிமிர்ந்து, கடி மிக மோசமான நிலைக்கு வந்து, இனி அறுவை ஒன்றுதான் வழி என்ற இடத்தில் அவள் நின்றபோது, சேர்க்கைக்குச் சில நாள் முன்னால், உங்கள் மறுப்பு வந்தது. முன்னே போகப் பணமில்லை, பின்னே திரும்பினால் வாயே மூடாது. இதைவிடச் சரியான நேரத்தை யாராலும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. மருத்துவமனைக்கு நீங்களே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் கட்டளையிட்டது. நீங்கள் அதை எழுத்துக்கு எழுத்து மதித்தீர்கள். அவள் ஒன்றரை வருடம் தயாரானதை ஒரு மணி நேரத்துக்குள் படித்து முடித்துவிட்டீர்கள்.

உங்கள் வாசிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டாம் விலக்கை நான் முழுதாகப் படித்தேன். பல நிறுவனங்களின் பாலிசிகளில் ஒரே வாசகமாக அது இருக்கிறது. அழகு அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி, தோற்றத்தை மாற்றும் சிகிச்சை ஆகியவற்றுக்குப் பணம் இல்லை என்று தொடங்குகிறது. வாசகம் அங்கே முடிவதில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் மறுசீரமைப்பு செய்தால் உண்டு என்கிறது. நேரடியான, உடனடியான உடல்நல ஆபத்தை நீக்கும் மருத்துவத் தேவையாக இருந்தால் உண்டு என்கிறது. அந்தத் தேவையைச் சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளிக்க வேண்டும் என்கிறது. அந்தச் சான்று கோப்பில் இருந்தது. நீங்கள் வாக்கியத்தில் எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினீர்கள். மீதியைப் படித்திருந்தால், தேய்ந்துகொண்டிருக்கும் கடைவாய்ப் பல் இன்னும் எத்தனை வருடம் தாங்கினால் "உடனடி" ஆபத்து இல்லை என்று ஒரு விளக்கம் எழுத வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தைத் தவிர்த்துக்கொண்டீர்கள்.

வரித்துறைக்குக்கூட இந்தத் திறமை இல்லை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது மருத்துவச் சேவைக்கு வரி விலக்கு தந்த அறிவிக்கை, அழகு சர்ஜரிக்கு அந்த விலக்கு இல்லை என்றது. கூடவே, பிறவிக் குறை, வளர்ச்சிக் குறைபாடு, காயம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட உடல் அமைப்பையோ செயல்பாட்டையோ மீட்கச் செய்தால் அது மருத்துவமே என்றும் எழுதியது. தாடை அளவுக்கு மீறி வளர்வது வளர்ச்சிக் குறைபாடு. வசூலிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களே இதை நோயென்று ஒப்புக்கொண்டு வரியை விட்டுக்கொடுக்கிறார்கள். நோய்க்குப் பணம் தருவதையே தொழிலாகக் கொண்ட நீங்கள் ஏமாறவில்லை.

இங்கிலாந்தில் 2014-ல் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். தாடை அறுவை யாருக்குத் தேவை என்பதை ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பிடுவது அது. அழகுக்கு அதில் தனி மதிப்பெண் இல்லை. கடி எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது, வாய் தன் வேலையைச் செய்கிறதா என்பதுதான் முதன்மையான கணக்கு. அந்நாட்டு அரசு மருத்துவச் சேவை பணம் ஒதுக்குவதற்கு இதைப் பார்க்கிறது. பாவம், அவர்களுக்கு அளக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு ஸ்கேலே தேவைப்படவில்லை.

ஒரே தாடையை மூன்று வாசலில் நிறுத்திவைக்கும் வித்தையையும் உங்களிடம் கண்டேன். இது பல் சம்பந்தப்பட்டது என்று சொன்னால், விபத்தில் அடிபடாத பல் சிகிச்சைக்கு இடமில்லை. பல் இல்லை, எலும்பு என்று சொன்னால், எலும்பை நகர்த்துவது தோற்றத்தை மாற்றுகிறது. தோற்றத்துக்காக இல்லை, வளரும்போதே வந்த அமைப்பு என்று சொன்னால், வெளியே தெரியும் பிறவிக் குறைக்குப் பல பாலிசிகளில் இடமில்லை. எங்கள் தெருவில் "கல்யாணத்துக்கு முன்னாடி மூஞ்சியைத் திருத்திக்கிறா" என்று பேசியவர்களுக்குச் சொல்ல ஒரே காரணம்தான் இருந்தது. நீங்கள் படித்தவர்கள் என்பதால் மூன்று வைத்திருக்கிறீர்கள்.

அறுவை நடந்தது. அக்கா வளையல்களை அடகு வைத்தாள், நான் அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினேன். கேஷ்லெஸ் மறுத்தால் கிளைமே போயிற்று என்று அர்த்தமில்லை, செலவு செய்த பிறகு ரசீதுகளை அனுப்பிக் கேட்கலாம் என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இருந்த பெண் சொல்லிக்கொடுத்தார். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

மயக்க மருந்துக் குழாயை மூக்கு வழியாகச் செலுத்தினார்கள்; வாயை மூடி மூடிக் கடியைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்காக. மேல்தாடையை வெட்டும் கோட்டுக்கு ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயர். முக எலும்பு எந்தக் கோட்டில் பிளக்கிறது என்று சடலங்களை வைத்துச் சோதித்து 1901-ல் எழுதியவர் அவர். கீழ்த்தாடையை நெடுவாக்கில் பிளக்கும் முறையை ட்ரௌனரும் ஓப்வெகேசரும் 1957-ல் விளக்கினார்கள். டைட்டானியம் தகடும் திருகும் வைத்து எலும்பைப் பொருத்தினார்கள். வெளியே வந்தபோது முகம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. மேலும் கீழும் ரப்பர் பேண்ட் போட்டிருந்ததால் பேச முடியவில்லை. அக்கா கஞ்சியை வடிகட்டி, பருப்புத் தண்ணீரை வடிகட்டி, சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்தின் ஓரமாக விட்டாள். எலும்பு கூட ஆறிலிருந்து எட்டு வாரம். அதன் பிறகும் கம்பி பல மாதம் இருக்கும். கம்பி எடுத்தபின், பற்கள் நகராமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர். இப்போது அவளுக்குக் கீழுதட்டின் இடப்பக்கம் இன்னும் மரத்திருக்கிறது. ஆனால் இட்லியை முன்பல்லால் கடிக்கிறாள். முதல் தடவை கடித்தபோது அக்காவும் நானும் பேசவில்லை. அவள் கடித்த துண்டை வாயிலிருந்து எடுத்து, பல் பதிந்த தடத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள்.

ரசீதுகளை அனுப்பினோம். உங்கள் இரண்டாவது கடிதம் வந்தது. அதே வரி. முதல் கடிதத்தில் இருந்த எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது. புதிய சான்றோ, அறுவைக் குறிப்போ, முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேயோ உங்கள் நிலையான கருத்தை அசைக்கவில்லை. இத்தனை உறுதி இந்தக் காலத்தில் அபூர்வம்.

அதைவிட அபூர்வம் உங்கள் ஒற்றுமை. ஒரு கிளைமை மறுப்பதற்கு முன், நிறுவனத்தின் மேலாண்மைக் குழுவோ அதன் மூவர் கொண்ட பரிசீலனைக் குழுவோ ஒப்புதல் தர வேண்டும் என்று அதே 2024 சுற்றறிக்கை சொல்கிறது. தனியாக ஓர் அலுவலர் மேசையிலிருந்து மறுக்கக் கூடாது; மறுக்கும்போது எந்த நிபந்தனையின் எந்தப் பகுதியால் மறுக்கிறோம் என்றும் எழுத வேண்டும். அப்படியானால் எங்கள் அக்கா மகளின் தாடையைப் பற்றிக் குறைந்தது மூன்று பேர் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். மூன்று பேரும் அந்தப் பக்கவாட்டு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். முன்பற்களின் இடைவெளியைப் பார்த்திருக்கிறார்கள். தேய்ந்த கடைவாய்ப் பற்களைப் பார்த்திருக்கிறார்கள். நரம்பு மரத்துப்போகலாம் என்ற தாளில் இருபத்தாறு வயதுப் பெண் போட்ட கையெழுத்தைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு, விலக்கின் முன்பாதியை மட்டும் படித்துவிட்டு, மூன்று பேரும் ஒரே மனதாக, "இது அழகுக்காக" என்று முடிவு செய்திருக்கிறார்கள். மூன்று படித்த மனிதர்கள் இதில் ஒத்துப்போவது சாதாரண விஷயம் இல்லை.

உங்கள் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதியாயிற்று. அங்கிருந்தும் அதே வரி வந்தால், அல்லது 30 நாளில் எதுவும் வராவிட்டால், சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்துக்குப் போவோம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும், அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். அக்கா மகள் தானே வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது அவளுக்குச் சொற்கள் தெளிவாக வருகின்றன.

அதற்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள். அந்த மூவரும் கூடிய நாள், அவர்கள் பார்த்த ஆவணங்களின் பட்டியல், ஒவ்வொருவரும் எழுதிய காரணம், கீழே போட்ட கையெழுத்து ஆகியவை அடங்கிய குறிப்பின் நகல் ஒன்றை அனுப்பிவையுங்கள். பாராட்டை உரியவர்களிடம் சேர்க்க வேண்டும். இதுவரை அவர்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.